கச்சதீவும் கைதட்டலும்

 

2025 ஓகஸ்ட் 21 ஆம் திகதி இரவு. புத்தளத்தில் எங்கள் வீட்டு முன்விறாந்தையில் பெரிய ஆரவாரம். இஷாவை முடித்துக்கொண்டு வந்து பார்த்தால், பேரப்பிள்ளைகள் மூன்று பேரும் ஒரு கைத்தொலைபேசியைச் சுற்றிக் குந்தியிருக்கிறார்கள். அன்று மதுரையில் நடந்த தமது கட்சி மாநாட்டில் நடிகர் விஜய் பேசிய பேச்சு அதில் ஓடுகிறது. கச்சதீவை மீட்டுத் தர வேண்டும் என்று அவர் இந்தியப் பிரதமரிடம் கேட்கிறார். அங்கே கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. இங்கே எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் கைதட்டுகிறார்கள்.

"ஏன் மகன் கைதட்டுறீங்க?" என்று மூத்தவனிடம் கேட்டேன்.

"என்ன உம்மம்மா, தளபதி பேசினா கைதட்டாம இருக்க ஏலுமா?"

"சரி. கச்சதீவு எங்க இருக்கு?"

மூத்தவன் "இந்தியாவில" என்றான். அடுத்தவன் மாலைதீவுக்குப் பக்கத்தில் என்றான். கடைக்குட்டிதான் உண்மை பேசினான். "தெரியாது உம்மம்மா!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. இலங்கையில் பிறந்து, இலங்கை அடையாள அட்டை எடுக்கப்போகிற பிள்ளைகள், இலங்கையின் ஒரு தீவை இன்னொரு நாட்டுக்குக் கொடு என்ற பேச்சுக்குக் கைதட்டுகிறார்கள். கேட்டது என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. கேட்டவர் யாரென்று மட்டும் தெரியும்.

பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. நானும் கைதட்டியவள்தான். 2008 ஒக்டோபரில் தமிழ்த் திரையுலகத்தார் திரண்டு இராமேஸ்வரத்தில் ஈழத்தமிழருக்காகப் பேரணி நடத்தினார்கள். நவம்பர் முதலாம் திகதி சென்னையில் நடிகர் நடிகையர் உண்ணாவிரதம் இருந்தார்கள். அதே நவம்பரில் விஜயும் தம் ரசிகர்களோடு உண்ணாவிரதம் இருந்தார். தொலைக்காட்சியின் முன்னால் இருந்து கண்ணீர் விட்டேன். ஆறு மாதங்களில், 2009 மே மாதத்தில், எல்லாம் முடிந்துபோயிற்று. உண்ணாவிரதம் இருந்தவர்களின் மனதில் கள்ளம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. 2011 பெப்ரவரியில் நாகப்பட்டினத்தில் மீனவர்களுக்காக விஜய் கூட்டம் போட்டபோதும் அவர் கட்சி தொடங்கியிருக்கவில்லை. மீனவர் சாவு அவரை வருத்தியிருக்கலாம். ஆனால் வருத்தம் வேறு, விபரம் வேறு. விபரமில்லாத வருத்தம் கைதட்டலோடு கரைந்துவிடுகிறது.

ஆகவே இந்த மாதம் உங்களோடு கச்சதீவைப் பற்றிக் கொஞ்சம் கதைக்கலாம் என்று நினைக்கிறேன்.

கச்சதீவு 285 ஏக்கர் கொண்ட ஒரு சின்னத் தீவு. நெடுந்தீவிலிருந்து ஏறத்தாழ 24 கிலோமீற்றர். இந்தியக் கரையிலிருந்து ஏறத்தாழ 33 கிலோமீற்றர். குடிதண்ணீர் இல்லை, குடிமக்களும் இல்லை. இருப்பது புனித அந்தோனியார் கோவில் ஒன்றுதான். பெப்ரவரி, மார்ச் காலத்தில் இரண்டு நாள் திருவிழா நடக்கும். யாழ்ப்பாணத்தாரும் இராமேஸ்வரத்தாரும் படகேறிப் போவார்கள். 1974 ஜூனில் இந்திரா காந்தி அம்மையாரும் சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையாரும் செய்த உடன்படிக்கைப்படி தீவு இலங்கையின் பக்கம் வந்தது. இந்திய மீனவரும் பக்தர்களும் வீசா இல்லாமல் அங்கே போய்வரலாம் என்று அதில் இருந்தது. 1976 இல் நடந்த கடிதப் பரிமாற்றத்தில், ஒரு நாட்டுப் படகு மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்று தீர்ந்தது. அன்று தொட்டு இன்றுவரை தமிழகத்தில் தேர்தல் நெருங்கினால் கச்சதீவு தண்ணீருக்கு மேலே வரும். தேர்தல் முடிந்தால் பழையபடி தாண்டுபோகும். ஜெயலலிதா அம்மையார் 2008 இல் உச்ச நீதிமன்றம் போனார். கலைஞர் கருணாநிதி 2013 இல் போனார். 2024 மார்ச்சில் பிரதமர் மோடி அதைத் தேர்தல் பேச்சாக்கினார். 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டசபை தீர்மானம் போட்டது. ஓகஸ்டில் விஜய் பேசினார்.

இவ்வளவு பேரும் பேசிவிட்டார்கள். அந்தக் கடலில் வலை போடுகிறவனிடம் யாராவது கேட்டார்களா?

நான் கேட்டேன். அதைச் சொல்லத்தான் இத்தனை முன்னுரை.

அடுத்த மாதம், செப்டம்பரில், சோனகதெருவில் எங்கள் பழைய வளவின் உறுதி விடயமாக யாழ்ப்பாணம் போகவேண்டி வந்தது. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி, இரண்டு மணி நேர அவகாசத்தில், கையில் அகப்பட்டதோடு வெளியேறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வாப்பா தீவுப்பகுதிக் கருவாட்டை மொத்தமாக வாங்கி விற்றவர். அதனால் ஊர்காவற்றுறையில் எங்களுக்குத் தெரிந்த வீடுகள் பல உண்டு. என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த கத்தோலிக்கச் சிநேகிதி ஒருத்தி இன்னும் அங்கேதான் இருக்கிறாள். உறுதி வேலை ஒரு நாள் தள்ளிப்போக, பண்ணைப் பாலம் தாண்டி அவளைப் பார்க்கப் போனேன்.

முற்றத்தில் அவளுடைய மகன் வலை பொத்திக்கொண்டிருந்தான். பொத்தினான் என்பது மரியாதைக்கு. அதிலே பொத்த ஒன்றும் மிச்சமில்லை.

"என்ன தம்பி, வலைக்கு என்ன நடந்தது?"

"றோலர் அன்ரி. திங்கள் இரவு போட்ட வலை. விடிய வந்து பாத்தா மிதவையும் இல்லை, வலையும் இல்லை. இந்தத் துண்டுதான் கிடைச்சுது."

தமிழகத்து இழுவைப் படகைத்தான் எங்கள் பக்கத்தில் றோலர் என்பார்கள். திங்கள், புதன், சனி ஆகிய நாட்களில் அவை கடலுக்கு இறங்கும். அந்த மூன்று இரவுகளிலும் தீவுப்பகுதியில் பலர் வலை போடுவதில்லை. போட்டால் வலை போய்விடும். போடாவிட்டால் உலை வைக்க வழியில்லை. ஒரு தொகுதி வலை இலட்சக்கணக்கில் விலை. ஒரே இரவில் போனால் மூன்று நான்கு வருடத்துக் கடன். தமிழகத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். "அந்த இரண்டு மாசமுந்தான் எங்களுக்குப் பெருநாள்" என்றாள் சிநேகிதி.

விஜயின் பேச்சைக் கேட்டீர்களா என்று அவள் மகனிடம் கேட்டேன். அவனும் விஜய் ரசிகன்தான். படகின் ஓரத்தில் அவருடைய படம் ஒட்டியிருந்தது. வலையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்:

"கேட்டனான் அன்ரி. நல்லாத்தான் பேசினவர். ஆனா கச்சதீவை அவையளிட்டக் குடுத்தாலும் றோலர் அங்க நிக்காது. கச்சதீவில மீன் நிறைஞ்சு கிடந்தா, அவங்கள் ஏன் நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் கிட்ட வாறாங்கள்?"

வாசகர்களே, இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு யாரும் மேடை ஏறட்டும். கடல் எல்லைக்கோடு கச்சதீவுக்கு மேற்கே மிகக் கிட்டத்தில் ஓடுகிறது. தீவு கை மாறினால் கோடு சில மைல் கிழக்கே நகரும், அவ்வளவுதான். இழுவைப் படகுகள் தேடி வருவது அந்தச் சில மைலை அல்ல. இறாலும் மீனும் இன்னும் மிச்சமிருக்கிற வடபகுதிக் கரையோரக் கடலை.

அவர்கள் பக்கத்துக் கடலில் ஏன் மிச்சமில்லை? 1950 களிலும் 60 களிலும் நோர்வே நாட்டு உதவியோடு இந்தியாவில் இயந்திரப் படகும் இழுவை மடியும் பரவின. இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை. இழுவை மடி என்பது கடலின் அடியில் பலகைகளைக் கட்டி இழுத்துக்கொண்டு போகிற பெரிய பை. வழியில் இருக்கிற புல், பவளம், முட்டை, குஞ்சு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும். வேண்டாத குஞ்சு மீன் கோழித் தீனுக்குப் போகும். பாக்கு நீரிணையோ ஆழமில்லாத, ஒடுங்கின கடல். தமிழகச் சட்டப்படி கரையிலிருந்து மூன்று கடல்மைல் நாட்டுப்படகுக்கு உரியது. அந்தப் பக்கம் நாட்டுப்படகு, இந்தப் பக்கம் எல்லைக்கோடு. நடுவிலுள்ள கீலத்தில் அத்தனை விசைப்படகும் எப்படிப் பிழைக்கும்? போர்க்காலத்தில் எங்கள் பக்கத்துத் தொழிலாளிக்குக் கடல் தடைசெய்யப்பட்டிருந்தது. வெறுமையாய்க் கிடந்த கடலில் அவர்கள் தாராளமாக வந்து போனார்கள். 2009 இற்குப் பிறகு இவர்கள் வலையோடு திரும்பி வந்தார்கள். மோதல் அப்படித்தான் முற்றியது.

இதைக் கேட்டு இராமநாதபுரம், நாகப்பட்டினம் பக்கத்து வாசகர்கள் என்மேல் கோபப்பட வேண்டாம். உங்கள் பக்கத்துத் துயரத்தையும் நான் மறக்கவில்லை. 2024 ஓகஸ்ட் முதலாம் திகதி நெடுந்தீவுக் கடலில் கடற்படைப் படகோடு மோதி இராமேஸ்வரத்துப் படகு கவிழ்ந்தது. வயதான ஒரு மீனவர் இறந்தார். 2025 ஜனவரியில் நெடுந்தீவுக்கு அருகே நடந்த துப்பாக்கிச் சூட்டில் காரைக்கால் படகில் வந்தவர்கள் காயப்பட்டார்கள். மீன் பிடிக்க வந்தவனைச் சுடுவது எந்த நியாயத்திலும் சேராது. பிடிபட்டவர்களில் பலர் கூலிக்கும் பங்குக்கும் போகிறவர்கள். படகு இன்னொருவருடையது. படகின் சொந்தக்காரர் கரையில் இருக்கிறார், சிறைக்குப் போகிறவன் கடலில் இருக்கிறான். தமிழகத்து நாட்டுப்படகு மீனவர்களே இழுவை மடியை எதிர்க்கிறார்கள் என்பதையும் மேடைகளில் யாரும் சொல்வதில்லை.

பிடிபடுகிறவர்களில் பலரை ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றத்துக்குத்தான் கொண்டுவருகிறார்கள். என் சிநேகிதி சந்தைக்குப் போகிற வழி அது. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"ஒரு நாள் பஸ்ஸால இறக்கினவங்கள். காலில செருப்பில்லை. பிடிச்சண்டு உடுத்த அதே சாரம். அதில ஒரு பெடியனுக்கு என்ர மகன்ர வயசுதான் இருக்கும். எங்கட வலையை அறுத்தவங்கள் எண்டு எனக்குக் கோவம் வரவேணும். வரேல்லையடி. அவன் என்னைப் பாத்து, 'அம்மா, தண்ணி' எண்டு கேட்டான். எங்கட பாசையில கேட்டான். நான் என்ன செய்ய? வீட்டுக்கு வந்து அழுதனான். மகனுக்குச் சொல்லேல்ல."

வலை அறுந்த வீட்டுத் தாய் ஒருத்தி, வலை அறுத்த படகில் வந்த பிள்ளைக்காக அழுகிறாள். தங்கச்சிமடத்திலோ காரைக்காலிலோ அந்தப் பிள்ளையின் தாய் அன்றைக்கு வாசலில் காத்திருந்திருப்பாள். இந்த இரண்டு தாய்மாரையும் எந்த மாநாட்டு மேடையிலாவது பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்திருக்கிறோமா?

விஜயை மட்டும் நான் குறை சொல்லவில்லை. அவர் பேசிய பதினொரு நாளில், செப்டம்பர் முதலாம் திகதி, எங்கள் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க கடற்படைப் படகில் கச்சதீவுக்கே போய் இறங்கினார். இலங்கை ஜனாதிபதி ஒருவர் அங்கே காலடி வைத்தது அதுவே முதல் தடவை. அதே நாளில் மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்தின் வேலையையும் தொடக்கிவைத்தார். படங்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன. அங்கே கைதட்டினவர்களைப் போல இங்கேயும் கைதட்டினார்கள். கச்சதீவு இலங்கைக்குரியது என்பதை உறுதிசெய்ய அவர் போனது சரி. ஆனால் அன்றிரவும் நெடுந்தீவில் வலை போடலாமா விடலாமா என்று ஒருவன் கணக்குப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பான்.

எங்கள் பக்கத்திலும் கை சுத்தமில்லை. இழுவை மடித் தொழிலைத் தடைசெய்யும் சட்டம் 2017 ஜூலையில் எங்கள் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. தனிநபர் பிரேரணையாக அதைக் கொண்டுவந்தவர் யாழ்ப்பாணத்து உறுப்பினர் சுமந்திரன். ஆனால் குருநகர் போன்ற இடங்களில் எங்கள் ஆட்களும் இழுவை மடி இழுத்தவர்கள்தான். அடுத்தவன் இழுத்தால் கொள்ளை, நாம் இழுத்தால் பிழைப்பு என்று சொல்ல முடியாது. அளவையில் மோசம் செய்யாதே என்று கற்றுத்தந்த மார்க்கத்தில் வளர்ந்த நமக்கு இது விளங்க வேண்டும்.

தீர்வு இல்லாத பிரச்சினையா இது? இல்லை. 2010 இல் இரு பக்கத்து மீனவர் பிரதிநிதிகளும் நேருக்கு நேர் இருந்து பேசி, இழுவை மடியை ஒரு கால எல்லைக்குள் நிறுத்துவது என்று இணங்கினார்கள். அரசாங்கங்கள் அல்ல, மீனவர்களே இணங்கினார்கள். 2016 நவம்பரில் இரு நாட்டு அமைச்சர்களும் டெல்லியில் கூடிக் கூட்டுச் செயற்குழு அமைத்தார்கள். 2017 இல், பாக்கு நீரிணையின் 2,000 இழுவைப் படகுகளுக்குப் பதிலாக ஆழ்கடலில் சூரை பிடிக்கும் படகுகள் கொடுக்கும் திட்டத்தை இந்திய அரசு தொடங்கியது. இலக்கில் சிறு பகுதிதான் நிறைவேறியது. அந்தப் படகுக்கு மானியம் போகவும் பெருந்தொகை கடன் வாங்கவேண்டும். நாள் கணக்கில் கரை திரும்பாமல் கடலில் இருக்கவேண்டும். பழகாத தொழில். பலர் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தைப் போக்க என்ன வழி என்று ஒரு மாநாடு கூட்டினால் நானே மதுரைக்கு வந்து கைதட்டுவேன். ஆனால் அப்படியொரு பேச்சுக்கு விசில் பறக்காது. சூரைப் படகின் கடன் வட்டியைப் பற்றிப் பேசினால் யார் ஆர்ப்பரிப்பார்கள்?

ஊர்காவற்றுறையிலிருந்து திரும்பும்போது ஒரு விடயம் நினைவுக்கு வந்தது. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோவிலில் பழைய தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 12 ஆம் நூற்றாண்டில் ஆண்ட பராக்கிரமபாகு மன்னன் காலத்தது. ஊராத்துறை என்று அதிலே வருவது இன்றைய ஊர்காவற்றுறைதான். கடல் கடந்து அந்தத் துறைக்கு வரும் பரதேசிகளுக்குப் பாதுகாப்புக் கொடுக்கவேண்டும் என்கிறது அது. யானை, குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்கு என்றால் பாதிக்குப் பாதி என்று கணக்கும் வைத்திருக்கிறது. எண்ணூறு வருடங்களுக்கு முன்னால், இதே கடலில், வருகிறவனுக்கு என்ன உரிமை, இருக்கிறவனுக்கு என்ன உரிமை என்று கல்லில் வெட்டிவைக்கிற நிதானம் இருந்திருக்கிறது. இன்று நமக்கு ஒரு நிமிடப் படத்துண்டு போதுமாக இருக்கிறது.

1990 இல் நாங்கள் வெளியேறி வந்தபோதும் எங்களைப் பற்றிப் பலர் பலவிதமாக உரத்துப் பேசினார்கள். அந்தச் சத்தத்தில் எங்களுக்கு வேண்டியிருந்தது என்னவென்று கேட்டவர்கள் சிலரே. குடிக்கத் தண்ணீர், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், திரும்பிப் போக ஒரு வழி. அன்றிலிருந்து எங்காவது பெரிய கைதட்டல் கேட்டால், யாருக்காகத் தட்டுகிறார்களோ அவர் எங்கே இருக்கிறார் என்று என் கண் தேடும். பெரும்பாலும் அவர் அந்த மண்டபத்தில் இருப்பதில்லை.

வீட்டுக்கு வந்து பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரு கடதாசியில் கடலை வரைந்து காட்டினேன். இங்கே நெடுந்தீவு, இங்கே நயினாதீவு, இங்கே ஊர்காவற்றுறை, அங்கே இராமேஸ்வரம், நடுவில் இந்தப் புள்ளி கச்சதீவு. திங்கள் இரவு வலை போன கதையையும், தண்ணீர் கேட்ட பிள்ளையின் கதையையும் சொன்னேன். கடைக்குட்டி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப உம்மம்மா, அந்த நானாவுக்கு ஆராவது தண்ணி குடுத்தாங்களா?" என்று கேட்டான்.

சிநேகிதியிடம் அதை நான் கேட்க மறந்துபோனேன், வாசகர்களே. உறுதி வேலைக்கு மறுபடி போகும்போது கேட்டு வருவதாக அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரித்துக்கொள்ளும்படி சொல்லும் மார்க்கம் நம்முடையது. நடிகரை ரசியுங்கள், குற்றமில்லை. அவருடைய படத்தைக் குடும்பத்தோடு பார்ப்பதும் பார்க்காமல் விடுவதும் உங்கள் விருப்பம். ஆனால் உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை கைதட்டினால், எதற்கென்று ஒரு வார்த்தை கேளுங்கள். வாக்குக் கேட்டு உங்கள் வாசலுக்கு வருகிறவர் கச்சதீவு என்று தொடங்கினால், இழுவை மடிக்கு மாற்றாக என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். இக்கரையில் இருப்பவர்கள் நம்மவரிடமும் அதையே கேட்போம்.

இன்ஷா அல்லாஹ் அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.